மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரப்போகும் மகனுக்கு

கண்ணு,

உன் கடிதம் சனிக்கிழமை தபாலில் வந்தது. கஞ்சிக்கோட்டில் புதிதாகத் தொடங்கப்போகும் தொழிற்சாலைக்கு மேனேஜர்களைத் தேர்ந்தெடுக்கும் இன்டர்வியூவில், இந்த முறை நீயும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "நேத்து வரைக்கும் இவனே சட்டையத் தேச்சுப் போட்டுட்டு இன்டர்வியூவுக்கு அலைஞ்சவன். இன்னிக்கு இவன் ஆளெடுக்கறானாமா!" என்று சிரித்தார். அப்புறம் டீக்கடைக்குப் போய் அங்கே இருந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிவிட்டுத்தான் திரும்பி வந்தார். உன்னைப் பற்றி நல்ல சேதி வந்தால் அவரால் வீட்டுக்குள் இருக்க முடியாது, உனக்குத்தான் தெரியுமே.

கடிதத்தின் கடைசியில் என்னிடம் ஒன்று கேட்டிருந்தாய். வேலை தெரியுமா என்று கேட்டுப் பார்த்துவிடலாம், சர்டிபிகேட்டைப் புரட்டிவிடலாம். ஆனால் தனக்குக் கீழே இருக்கிறவர்களிடம் ஒருவன் எப்படிப் பழகுவான் என்பதை அந்தக் கொஞ்ச நேரத்தில் எப்படி அம்மா கண்டுபிடிப்பது என்று. இதை ஒரு நர்சிடம் கேட்கிறாயே என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் அந்த நாள் ஞாபகம் வந்தது. நீ பாலக்காட்டில் விடுதியில் இருந்து படித்த காலத்தில், எஸ்டேட்டில் நானும் ஒரு நாள் அப்படி ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். உன்னிடம் அதைச் சொன்னதே இல்லை.

ஆளை எடைபோட அப்பாவிடம் ஒரு வழி உண்டு. சாப்பிடும்போது பார்த்தால் போதும், மனிதன் தெரிந்துவிடுவான் என்பார். உன் சின்ன அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அப்படித்தான் பார்த்தார். வந்தவர் இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. பரிமாறியவர்களிடம் "போதுங்க, போதுங்க" என்று அத்தனை பணிவு. கல்யாணமாகிச் சில மாதத்துக்குள், குழம்பில் உப்பில்லை என்று அந்த மனிதர் தட்டைத் தூக்கி எறிந்ததை அத்தை வந்து சொல்லி அழுதாள். அப்பா, "நம்மூட்ல நல்லாத்தான சாப்ட்டாரு" என்றார், பாவமாக. எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் யார்தான் நன்றாகச் சாப்பிட மாட்டார்கள்? இன்டர்வியூவும் அப்படித்தான் கண்ணு. வருகிறவன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தே வருகிறான்.

வண்டன்மேட்டுக்கு மேலே நம் தேயிலை எஸ்டேட்டில் அந்த மழைக்காலத்தில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. நீ அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பாய். அதற்குக் காரணம் அசிஸ்டென்ட் மேனேஜர். தொழிலாளர்கள் சின்ன துரை என்பார்களே, அவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். உரத்திலும் விளைச்சலிலும் கெட்டிக்காரர். ஆனால் மனிதர்களை அவருக்குப் பார்க்கத் தெரியாது. ஒருநாள் காலை கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாள் ஆஜர் எடுக்கும் இடத்துக்குத் தாமதமாக வந்தாள். பிள்ளைக்குக் கடுமையான காய்ச்சல், ஆஸ்பத்திரியில் என்னிடம் விட்டுவிட்டு ஓடினாள். அவள் வாயைத் திறந்ததுமே அவர், "கதை வேண்டாம், வெளியே நில்" என்று மழையில் நிறுத்திவிட்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அவள் நனைந்துகொண்டே நின்றாள். கொஞ்ச நேரத்தில் மற்றப் பெண்கள் ஒவ்வொருவராகக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றார்கள். அன்றைக்கு நின்ற வேலை பல நாள் நின்றது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களில் அடுப்பெரியாத வீடுகள் இருந்தன. ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைகளின் கையைப் பிடித்தாலே எனக்கு அது தெரிந்தது. கடைசியில் சமாதானம் ஆனது. சின்ன துரை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு மலை இறங்கிப் போனார்.

அந்த இடத்துக்கு ஆள் எடுக்கும்போதுதான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். திருச்சூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய மலையாளம் கலந்த தமிழ் உனக்கு ஞாபகம் இருக்கும். "மேட்ரன், உரம், விளைச்சல், கணக்கு எல்லாம் நான் கேட்டோளாம். கழிஞ்ச தடவையும் அதெல்லாம் கேட்டுத்தான் எடுத்தேன். இந்த ஆள் பேச்சியம்மாள்கிட்ட எப்படி வர்த்தமானம் பேசுவான்னு எனக்குக் கேக்கத் தெரியல. நீங்க ஒண்ணு வந்து இரிக்கணும்" என்றார். எனக்கு ஊசி போடத் தெரியும், பிரசவம் பார்க்கத் தெரியும். இதற்கு என்ன கேட்பது?

பேச்சியம்மாளையே கேட்டேன். பிள்ளைக்கு மருந்து வாங்க வந்திருந்தாள். "எப்படிப்பட்ட ஆளு வந்தா ஒங்களுக்குச் சௌகரியம்?" என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. "இனிக்க இனிக்கப் பேசுற ஆளு வேணாம்மா. நாங்க சொல்றத முழுசாக் கேக்கட்டும். கேட்டுட்டு வேணும்னா வையட்டும்" என்றாள். அவள் போன பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கத் தெரிந்தவனா என்பதை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது? 'உங்களுக்குப் பொறுமை உண்டா' என்று கேட்டால் யாராவது இல்லை என்பார்களா? அதனால் நடந்த ஒன்றைச் சொல்லச் சொல்வது என்று முடிவு செய்தேன். வருகிற எல்லாரிடமும் ஒரே கேள்வி: உங்களுக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர், நீங்கள் செய்வது சரியில்லை என்று உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரு நாளைச் சொல்லுங்கள். அப்புறம் என்ன ஆனது?

வந்தவர்களில் இருவரைப் பற்றி மட்டும் உனக்குச் சொன்னால் போதும். முதலில் வந்தவன் சுந்தரம். கோயமுத்தூரில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். நல்ல களையான முகம், அளவான சிரிப்பு. "எந்தூருங்க தம்பி?" என்று கேட்டேன். "வடகரப்பதிக்குப் பக்கத்துலீங்க. எங்க ஊடு ஆத்தோரத்துலதானுங்" என்றான். அத்தனை வருஷம் மலையில் இருந்துவிட்டு, நான் பிறந்த ஊர்ப் பேச்சில் அந்த "ஊடு" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா? என் அம்மா கையால் தண்ணீர் வாங்கிக் குடித்த மாதிரி இருந்தது. இவனையே எடுத்துவிடலாம் என்று மனசு அப்போதே சொல்லிவிட்டது. என் கேள்விக்கு அவன் இங்கிலீஷில் அழகாகப் பதில் சொன்னான். ஒரு தொழிலாளி வந்து உங்கள் முறை சரியில்லை என்று சொன்னாராம். இவன் உடனே அவருக்கு நன்றி சொல்லி, முறையை மாற்றினானாம். உற்பத்தியும் கூடியதாம். மேனேஜர் தலையாட்டினார். நான் தமிழில் கேட்டேன்: "அவரு பேரென்னங்க தம்பி?" அவன் திகைத்துப் போனான். "பேரு... ஞாபகம் இல்லீங்" என்றான். "அவரு என்ன வார்த்தை சொன்னாருங்க?" மேலே சொல்லச் சொல்லிக் காத்திருந்தேன். அவன் மறுபடி முதலிலிருந்து அதே இங்கிலீஷைச் சொன்னான்.

அடுத்து வந்தவர் ஜேக்கப். ரப்பர் தோட்டத்தில் இருந்தவர், கொஞ்சம் வயதில் மூத்தவர். சிரிப்பு என்பதே கிடையாது. கேள்வியைக் கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மேனேஜர் பொறுமையில்லாமல் அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார். "யோசிக்கட்டுங்க சார்" என்றேன். ஒருவழியாக ஜேக்கப் நிமிர்ந்து, "ஒண்ணு உண்டு. சொன்னா எனக்குத்தான் நாணக்கேடு" என்றார். அவர் தோட்டத்தில் காலையில் ஆஜர் எடுக்கும் நேரத்தை இன்னும் சீக்கிரமாக மாற்றினாராம். தேவசி என்ற பால்வெட்டுக்காரர் வந்து, 'சாரே, கைக்குழந்தைக்காரிகள் இந்த நேரத்தில் குழந்தையை எங்கே விடுவார்கள்' என்று கேட்டிருக்கிறார். 'நேரம் எல்லாருக்கும் ஒன்றுதான்' என்று இவர் அனுப்பிவிட்டார். சில நாள் கழித்து ஒரு மரத்தடியில் சாக்கில் தூங்கிய குழந்தையின் காலில் எறும்பு மொய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். மறுநாளே நேரத்தைப் பழையபடி மாற்றிவிட்டார். "தேவசிகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல. இப்பவும் அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசறதில்ல" என்றார்.

எல்லாரும் அறையைவிட்டு வெளியே போன பிறகு மேனேஜர், "சுந்தரம் மதி. மற்ற ஆளுக்குச் சிரிக்கக்கூட அறிஞ்சூடா" என்றார். சுந்தரமே போதும், மற்றவருக்குச் சிரிக்கக்கூடத் தெரியாது என்கிறார். எனக்கும் சுந்தரம்தான் வேண்டும் என்று இருந்தது. அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது கண்ணு. அவன் பேச்சில் எனக்குப் பிடித்தது அவன் பழகும் விதமா, இல்லை என் ஊரா? இரண்டையும் பிரித்துப் பார்த்தால் கையில் என்ன மிஞ்சுகிறது? பேர் தெரியாத ஒரு தொழிலாளி. ஜேக்கப் சொன்னதில் தேவசி இருந்தார், அவர் கேட்ட கேள்வி இருந்தது, எறும்பு கடித்த காலும் இருந்தது. தன்னை நல்லவனாகக் காட்டும் முடிவு ஒன்றுதான் இல்லை. இதை மேனேஜரிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு ஜேக்கப்பைக் கூப்பிட்டு வேலை உறுதி என்று சொல்லிவிட்டார். மற்றவர்களுக்குப் பியூன் போய், "நீங்க போலாம், கடிதம் வரும்" என்று சொன்னான்.

நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வழியில் பஸ் நிற்கும் இடத்தில் சுந்தரம் நின்றிருந்தான். கம்பம் பஸ்ஸுக்குக் காத்திருந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. இன்டர்வியூவுக்குக் கட்டியிருந்த டையைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்திருந்தான், நுனி வெளியே தொங்கியது. அதைப் பார்த்ததும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. குடைக்குள் வரச் சொன்னேன்.

"ஏனுங்க்கா, எங்கிட்ட என்ன கொறை கண்டீங்க?" என்றான். கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டான்.

சொல்லாமல் போய்விடலாம். ஆனால் சொன்னேன். "தம்பி, நீங்க சொன்ன கதையில உங்களத் தவிர யாருமே இல்லீங்க. அந்த ஆளு பேரு கூட உங்களுக்குத் தெரியல. அதான்."

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "அது பொஸ்தகத்துல இருந்து மனப்பாடம் பண்ணதுங்க்கா. நெசமா நடந்தது வேறைங்க" என்றான். "மில்லுல எங்க மாஸ்டரு ஒருநாள் எல்லாத்துக்கும் முன்னால என்னையக் கண்டபடி பேசிப்போட்டாருங். நான் அந்தச் சூட்டோட வந்து நூல் சுத்தற பழனாத்தாளப் புடிச்சுக் கத்திப்போட்டனுங். அந்தம்மா ஒண்ணும் பண்ணலீங். கையத் தொடச்சுட்டு என்னையப் பாத்து, 'சாமி, உங்களப் பேசுனவரு அங்க நிக்கறாரு. எங்கிட்ட எதுக்குங் கத்தறீங்க?'ன்னு கேட்டுச்சுங். எனக்குச் செத்தாத் தேவலைன்னு ஆயிருச்சுங்க்கா. அன்னைக்குப் பூரா சோறு எறங்கல. அடுத்த நாள் அதே எடத்துல, நான் கத்துனப்ப இருந்தவீக அத்தன பேரும் இருக்கறப்பப் போயி, 'தப்புப் பண்ணிப்போட்டனுங்'ன்னு சொன்னனுங். தனியாக் கூப்ட்டுச் சொல்லலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். கத்துனது எல்லாத்துக்கும் முன்னாலதானுங்களே."

"அட சாமி, இதத்தான நாங் கேட்டேன்! உள்ள ஏனுங்க சொல்லல?"

"இதையெல்லாஞ் சொன்னா வேல குடுப்பாங்களாங்க்கா?" என்றான். அவன் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை. பஸ் வளைவில் வரும் சத்தம் கேட்டது. "இது போகட்டுங்க தம்பி. அடுத்ததுல போலாம். வாங்க" என்று கையைப் பிடித்து மறுபடி ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மேனேஜருக்கு என்மேல் கோபம்தான். "ஒராளுக்கு வாக்குக் கொடுத்தாச்சு மேட்ரன்" என்றார். "மாத்தச் சொல்லலீங்க சார். ஜேக்கப்பை எடுத்தது சரிதான். இவர் சொல்றதையும் ஒரு தடவை கேளுங்க, அவ்வளவுதான்" என்றேன். அவர் அலுத்துக்கொண்டே வராந்தாவுக்கு வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். மேஜை இல்லை, டை இல்லை, இங்கிலீஷ் இல்லை. சுந்தரம் நின்றபடி பழனாத்தாள் கதையை மறுபடி சொன்னான். ஜேக்கப் டீ கிளாஸும் கையுமாக ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் சொல்லி முடித்ததும் ஜேக்கப்தான் பேசினார். "நீங்க போய்ச் சொன்னீங்க. நான் தேவசிகிட்ட இதுவரைக்கும் போகல" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது. வேலை கிடைத்தவர், கிடைக்காதவனிடம் அப்படிச் சொன்னார்.

சுந்தரம் அடுத்த பஸ்ஸில் வேலை இல்லாமல்தான் போனான். ஆனால் போகும்போது சிரித்துக்கொண்டு போனான், மனப்பாடம் செய்யாத சிரிப்பு. மறுவருஷம் எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் இடம் காலியானதும் மேனேஜர் பேப்பரில் விளம்பரம் கொடுக்கவில்லை, நேரே அவனுக்குத்தான் எழுதினார். அவனும் வந்தான். ஜேக்கப்பைப் பெண்களுக்குப் பிடிக்கவே ரொம்ப நாள் ஆயிற்று. "இந்தத் தொரை மூஞ்சி எப்பவும் மழைக்கு இருட்டுன மாதிரி இருக்கும்மா" என்று பேச்சியம்மாளே அலுத்துக்கொண்டாள். ஆனால் அவர் யாரையும் பாதியில் நிறுத்தியதில்லை. முடியாது என்றாலும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் முடியாது என்பார். ஓணம் லீவில் ஊருக்குப் போய் வந்தவர், நான் கேட்காமலே, "தேவசியைக் கண்டேன். அவன் வீட்டில் சாயா குடிச்சேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். சுந்தரத்துக்கு வேறு குறை இருந்தது. யாருக்கும் இல்லை என்று சொல்ல வராது. எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு முழிப்பான். அதை அவன் கற்றுக்கொள்ள இரண்டு மழைக்காலம் ஆயிற்று. என் ஒரு கேள்விக்குள் அதெல்லாம் அகப்படவில்லை.

அதனால் கண்ணு, உன் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நடந்ததைக் கேள், நினைப்பதைக் கேட்காதே. அவன் கதையில் மற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று பார். யோசிக்கிறவனை அவசரப்படுத்தாதே. ஒருவனை உனக்கு உடனே பிடித்துப்போனால், எதனால் பிடித்தது என்று உன்னையே ஒரு தரம் கேட்டுக்கொள். எல்லாவற்றுக்கும் முன்னால், உள்ளே வருகிறவனுடைய பயத்தைக் கொஞ்சம் இறக்கி வை. ஒரு வாய் தண்ணீர் கொடு. அவன் எந்த மொழியில் தன் வீட்டில் பேசுவானோ அந்த மொழியில் பேச விடு. பயந்தவனுக்குள்ளே இருக்கும் நல்லவன் அவ்வளவு சுலபமாக வெளியே வரமாட்டான். நான் கேட்ட கேள்வி சரியாகத்தான் இருந்தது. அதற்கு உண்மையைச் சொல்லலாம் என்ற தைரியத்தை அந்த அறையில் நாங்கள் கொடுக்கவில்லை.

நீ முதல் இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். தட்டில் போட்ட தோசை ஆறிப்போனது. "வேல கெடைக்கலைனாக்கூடப் பரவால்லம்மா. எங்கிட்ட என்ன கொறைன்னு ஒரு வார்த்தை சொல்லலியே" என்றாய். நான் உன் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குச் சொல்ல எனக்குப் பதில் இல்லை. உன் பதில் வேறு யாரிடமோ இருந்தது. அவர் அதைச் சொல்லாமல் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்.

திங்கட்கிழமை உன் முன்னால் பலர் வந்து உட்காருவார்கள். வேலை ஒருவருக்கோ இருவருக்கோதான். யாரை எடுத்தீர்கள் என்று அப்பா கேட்பார், அவருக்கு அதை எழுது. எனக்கு எழுதும்போது, எடுக்காதவர்களிடம் நீ என்ன சொல்லி அனுப்பினாய் என்று எழுது. அதைப் படிக்கத்தான் நான் காத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா